மாப்பிள்ளையின் டேமேஜ் ரிப்போர்ட்

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி.

பெருமதிப்பிற்குரிய முகத்துவாரக்குப்பம் திரு. தேசப்பன் அவர்களுக்கு, துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஜெயவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி கெங்கம்மாவும் நலம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியார் முத்தம்மா அவர்களும், தங்கள் அக்காள் பூமாரி அம்மையாரும், படகும், எஞ்சினும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எங்கள் மகன் அன்பரசன் நலமா இல்லையா என்று என்னால் எழுத முடியவில்லை. அது தங்கள் கையில் இருக்கிறது.

தங்களைச் சம்பந்தி என்று விளித்து எழுதத்தான் ஆசை. முதல் இரண்டு எழுத்து எழுதிவிட்டு, உரிமை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அடித்துவிட்டேன். மேலே மை கலைந்திருப்பதற்கு அதுதான் காரணம். தாளின் வலது மூலையில் இருக்கும் டீக்கறை நான் எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே இருந்தது. தபாலில் வந்த கறை என்று தாங்கள் தபால்காரரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இப்போதே குறிப்பிட்டுவிடுகிறேன். பார்த்தீர்களா, இந்தப் புத்திதான். போன ஞாயிற்றுக்கிழமை குடியைக் கெடுத்ததும் இதே புத்திதான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தாங்கள் நேரில் இருந்தவர்தான் என்றாலும், பாதியில் எழுந்து போய்விட்டதால் மீதிப் பாதி தங்களுக்குத் தெரியாது. தங்கள் மகள் ரேகா திருவொற்றியூரில் டீச்சர். என் மகன் அன்பரசன் குளிர்சாதன மெக்கானிக். அந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மெஷினை ரிப்பேர் பண்ணப் போனவன், ரிப்பேரே இல்லாத மெஷினை மேற்கொண்டு நாலு தபா ரிப்பேர் பண்ணி வந்ததில் ஆரம்பித்த கதை இது. கடல்கார வூட்டுப் பெண்ணுக்கும் வியாசர்பாடிப் பையனுக்கும் எப்படி ஒத்துவரும் என்று உங்கள் தெருவில் நாலு பேர், எங்கள் தெருவில் நாலு பேர், ஆக எட்டுப் பேர் கேட்டு, அந்த எட்டு வாயும் அடங்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் தாங்கள் பதினோரு பேராக, இரண்டு ஷேர் ஆட்டோ பிடித்து, ஆளுயர வஞ்சிரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளை வீடு பார்க்க எங்கள் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தீர்கள். கெங்கம்மா கேசரி கிளறி, வடை சுட்டு, புத்தர் படத்துக்குப் புதுப் பூ வைத்து, பக்கத்து வீட்டிலிருந்து நாலு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். எல்லாம் சோக்காத்தான் இருந்தது. தாங்கள் கேசரியை முடித்து, கையைத் துடைத்து, "பையனப் பத்தி நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்க" என்று என்னைக் கேட்டீர்கள். வேறு எந்த அப்பனைக் கேட்டிருந்தாலும் பிரச்சினை இல்லை.

தாங்கள் என் தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி எழுதுவதுதான் இருபத்தொன்பது வருஷம் என் வேலை. எண்ணுவது பெரிதில்லை, விரல் இருக்கிற எவனும் எண்ணுவான். கப்பல்காரன் கையிலிருந்து கரைக்காரன் கைக்குச் சரக்கு மாறுகிறதே, அந்த நேரத்தில் இரண்டு தரப்பும் பக்கத்தில் நின்று, எந்த மூட்டை கிழிசல், எந்தப் பெட்டி நசுங்கல், எது நனைந்தது என்று பார்த்து, டேமேஜ் ரிப்போர்ட் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் வேலை. ஒருத்தன் மட்டும் தனியாகப் பார்த்து எழுதினால் அதற்குப் பேர் ரிப்போர்ட் இல்லை, வதந்தி. அந்த நேரத்தில் எழுதாமல் விட்டாலோ ஆயுசுக்கும் சண்டை. நான் ஒரே ஒரு தடவை, ஒரு கப்பல் ஆபீசர் சிரித்துப் பேசி பிஸ்கட் கொடுத்தார் என்பதற்காக, நனைந்த காகித உருளைகளை எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏழு மாதம் மேலிடத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பிஸ்கட்டைத் தொடுவதில்லை. எதை யாரிடம் ஒப்படைத்தாலும் குறையை முதலில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். மிக்ஸியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் மூடியில் கீறல் இருக்கிறது என்று எழுதித்தான் கொடுப்பேன்.

ஆகவே தாங்கள் கேட்டதும், முந்தைய நாளே தயார் செய்து சட்டைப் பையில் வைத்திருந்த தாளை எடுத்தேன். கெங்கம்மா அடுப்படி வாசலிலிருந்து கண்ணை உருட்டினாள். நான் அதை உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். 'டேமேஜ் ரிப்போர்ட், பெயர்: அன்பரசன், வயது இருபத்தெட்டு' என்று சத்தமாகப் படித்தேன். எண் ஒன்று, வலது முழங்காலில் மூன்று அங்குலத் தழும்பு, மாடிப்படியில் விழுந்தது. எண் இரண்டு, முன்பல் ஓரம் உடைசல், கேரம் போர்டு சண்டை. எண் மூன்று, இறால் ஒத்துக்கொள்ளாது, தின்றால் உடம்பெல்லாம் தடிக்கும். இந்த இடத்தில்தான் முத்தம்மா அம்மா வடையைத் தட்டில் வைத்தார்.

"அண்ணே, எங்க வூட்ல மூணு தபா இறா தொக்கு கேட்டுக் கேட்டு வாங்கித் துன்னுச்சே புள்ள?"

"முன்னாடி ஒரு மாத்திரை, பின்னாடி ஒரு மாத்திரை போட்டுக்குவாம்மா. அப்பால வூட்டுக்கு வந்து சொறிஞ்சிகினே கெடப்பான். நீங்க ஆசையா போடறப்போ வேணான்னு சொல்ல மனசு வர்லியாம்."

இதைக் கேட்டு எல்லோரும் உருகுவார்கள் என்று நினைத்தேன். தாங்கள் அன்பரசனை ஒரு பார்வை பார்த்தீர்கள். டீத் தட்டைப் பிடித்தபடி நின்ற அவன் தரையைப் பார்த்தான். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்த ரிப்போர்ட்டைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் எனக்கில்லை. எண் நான்கு, கோபம் வந்தால் மூன்று நாள் பேசமாட்டான் என்று படித்தேன். எண் ஐந்து, இடது காது பாதிதான் கேட்கும், என்று படித்து, அதன் காரணத்தைப் படிக்கப் போகுமுன் பூமாரி அம்மையார் எழுந்துவிட்டார்.

"இன்னா தேசப்பா இது, கூடையைக் கவுத்து ஒவ்வொண்ணா எடுத்து வெக்கிறாரு! டேமேஜ் சரக்க எங்க பொண்ணு தலையில கட்டப் பாக்குறாரா?"

உங்கள் கரையில் டேமேஜ் என்றால் கோழித் தீவனத்துக்குப் போகிற மீன் என்று எனக்கு அப்போது தெரியாது. ஏலத்தில் நல்ல மீனை மேலே அடுக்குவீர்கள், நசுங்கினது அடியில் கிடக்கும், வாங்குகிறவனுக்கும் அது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தப்பே இல்லை, அது அந்தத் தொழிலின் மரியாதை. நான் நசுங்கினதை எடுத்துத் தங்கள் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டேன். தாங்கள் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டு, "அப்பால சொல்லி அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினீர்கள். உங்கள் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அந்த ரிப்போர்ட்டை எட்டாகக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுவது சீலிங் ஃபேன் மட்டும்தான். அன்பரசன் வாயைத் திறந்து ஏழு நாள் ஆகிறது. மூன்று நாள் என்று எண் நான்கில் எழுதியது தவறு, திருத்திக்கொள்ளவும். கெங்கம்மா பேசுகிறாள், ஆனால் என்னைப் பார்த்துப் பேசுவதில்லை, பாத்திரத்தைப் பார்த்துப் பேசுகிறாள். "பெத்த புள்ளைய எவனாச்சும் ஏலத்துக்கு வுடுவானா, அதுவும் ஓட்டை ஓடசல்னு சொல்லிகினு" என்று கரண்டியிடம் கேட்கிறாள். தெருவில் இறங்கினால் கேரம் கிளப் பசங்கள், "இன்னா மாமு, இன்னிக்கு யாரு டேமேஜு?" என்று விசாரிக்கிறார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். புதன்கிழமை ரேகா கெங்கம்மாவுக்குப் போன் செய்ததாம். "அப்பா வாயே தொறக்கல அத்த. அவரு சரின்னு சொன்னாதான் எனக்கு சரி. அவர மீறி நான் வரமாட்டேன், அவருகிட்டயும் இத சொல்லிட்டேன்" என்றதாம். கடைசியில் அவர் என்றது அன்பரசனை. அதைக் கேட்ட பிறகு அவன் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறான். என் வாயால் என் பிள்ளையின் வாழ்க்கை நிற்கிறது ஐயா. தங்கள் ஒரு சொல்லுக்காக நிற்கிறது.

இவ்வளவு வினை செய்த அந்தச் சொல் எங்கேயிருந்துதான் வந்தது என்று பார்த்துவிடலாம் என, செவ்வாய்க்கிழமையே யானைக்கவுனிக்குப் போயிருந்தேன். அங்கே பழைய புத்தகம் விற்கும் அத்தாவுல்லா எனக்கு முப்பது வருஷத் தோஸ்து. தலையணை மாதிரி ஒரு இங்கிலீஷ் அகராதியை இறக்கித் தூசி தட்டினார். நான் தும்மி முடிப்பதற்குள் பக்கத்தைப் பிடித்துவிட்டார். "இது இங்கிலீஷே இல்ல பாய். பிரெஞ்சுக்காரன் வூட்ல இருந்து வந்திருக்கு. அவனுக்கு லத்தீன்காரன் வூட்ல இருந்து. அங்க அதுக்குப் பேரு டாம்னம்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வெள்ளைக்காரன் கோவம் வந்தா டேம், டேம்னு திட்டுவான் பாரு, அதுவும் இதே குடும்பந்தான்" என்றார். அது எனக்கு உடனே புரிந்தது. நான் ரிப்போர்ட்டை நீட்டியதும் கப்பல் ஆபீசர்கள் சொன்ன முதல் வார்த்தை எப்போதும் அதுவாகத்தான் இருந்தது. ஒரே சொல்லைத் தாளில் நான் எழுதியிருக்கிறேன், வாயில் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இருபத்தொன்பது வருஷம் இருவருக்கும் தெரியாமல் போயிற்று. கோர்ட்டில் கடைசியில் ஓர் எழுத்துக் கூட்டி டேமேஜஸ் என்று சொன்னால் அது நஷ்ட ஈடாம். நம் தெருவில் சொன்னால் மானம் போனதாம். உங்கள் கரையில் கோழித் தீவனம். ஒரே வார்த்தை ஊர் ஊராக என்னென்ன வேலை பார்க்கிறது, பாருங்கள்.

"அந்த டாம்னம்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டேன். அத்தாவுல்லா கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "இழப்புன்னு போட்டிருக்கு. ஒடஞ்சது, கிழிஞ்சதுன்னு பொருளப் பத்தி இல்ல பாய். யாரு எழந்தானோ அவனப் பத்தி." நான் அகராதியை என் பக்கம் திருப்பி, அந்த வரியை விரல் வைத்துப் பார்த்தேன். மூட்டை கிழிந்தால் மூட்டைக்கு வலிப்பதில்லை, சரக்குக்காரனுக்குத்தான் வலிக்கும். இத்தனை வருஷம் கிழிசலை எழுதினேனே தவிர, பக்கத்தில் நின்றவன் முகத்தை ஒரு நாளும் எழுதவில்லை. அத்தாவுல்லா டீ சொன்னார். பிஸ்கட் வேண்டாம் என்றேன்.

நேரில் மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறித் தங்கள் குப்பத்துக்கு வந்தேன். இது தங்களுக்குத் தெரியாது. தெரியும் என்றாலும், வந்தது நான்தான் என்று தெரியாது. தங்கள் படகு கடலுக்குள் இருந்தது. வரும்வரை காத்திருக்கலாம் என்று கரையில் நின்றேன். சும்மா நிற்க வேண்டியதுதானே? கண் கேட்கவில்லை. எதிரே ஒரு படகின் முன்பக்கத்தில் ஒரு சாண் விரிசல். கை தானாகப் பையிலிருந்த நோட்டை எடுத்துவிட்டது. எழுதி முடித்துத் திரும்பினால் படகுக்காரர் பின்னால் நிற்கிறார். பெயர் அப்பாவு.

"இன்னா எழுதற?"

"விரிசல்."

"அது மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுதா? இப்டி வா, அடியில குந்திப் பாரு."

குனிந்து பார்த்தேன். எழுதினேன். அவ்வளவுதான், ஒருத்தர் வலையோடு வந்தார், ஒருத்தர் எஞ்சினைப் பார்க்க இழுத்தார், ஓர் அம்மா பிளந்துபோன ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். கடலில் எண்ணெய் கொட்டிக் கரையில் வந்து படிந்த அந்த வருஷம் சேதக் கணக்கெடுக்க அதிகாரிகள் நோட்டோடு வந்தார்களே, அதே மாதிரி யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் புரிய நாலு பக்கம் ஆயிற்று. பதறிப்போய், "நான் ஆபீசர் இல்லீங்க, கல்யாண விஷயமா வந்தவன்" என்றேன். "கல்யாணத்துக்கு எதுக்கு நோட்டு?" என்று ஐஸ் பெட்டி அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று தடவை சொன்னேன், இதனால் எந்த உதவியும் வராது, நான் வெறும் ஆள் என்று. அப்பாவு கையமர்த்தினார். "அதான் சொல்லிட்டியே. ஆபீசரா இருந்தா இந்நேரம் வண்டி ஏறியிருப்ப. குந்திப் பாக்கறல்ல, நீ எழுதிக்க."

எழுதினேன் ஐயா. பதினாலு பக்கம். எவனும் எதுவும் கேட்கவில்லை, எழுதிக்க எழுதிக்க என்றுதான் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் ஒரு மாதிரி ஆறுதலாகப் போனார்கள். ஒரு அம்மா, "என் வூட்டுக்காரரு பேரையும் போட்டுக்கய்யா, போயி மூணு வருசம் ஆவுது" என்றார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் தனிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கடல் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில், தேசப்பன் வீட்டுச் சேதம் ஏதும் உண்டா என்று கேட்டேன். அப்பாவு சிரித்தார். "அவரா? எண்ணெய் வந்தப்போ ஆபீசருங்க வாசல்ல போயி நின்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, அடுத்த வூட்டப் பாருன்னு அனுப்பிட்டாரு. மூணு வலை அவருக்கு. கண்ணு மாதிரி வெச்சிருந்தாரு. மூணும் கருப்பாயி, சுருட்டி வூட்டுப் பின்னாடி போட்டாரு. வித்துக் கடாசவும் மாட்டாரு, எடுத்துப் பாக்கவும் மாட்டாரு." தங்கள் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். நீலத் தார்ப்பாயின் கீழே வலையின் ஓரம் தெரிந்தது. அதை நான் எழுதவில்லை. உரியவர் பக்கத்தில் இல்லாமல் எழுதக் கூடாது. கரைக்குத் திரும்பியபோது தங்கள் படகு வந்தது, தாங்கள் இறங்கி நின்றீர்கள், கிட்டே வர எனக்குத் துணிச்சல் இல்லை. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பதினாலு பக்கத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் அதிகாரி இல்லை என்று தாங்களும் ஒரு முறை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது எண் ஐந்துக்கு வருகிறேன். பூமாரி அம்மையார் எழுந்ததால் நான் படிக்காமல் விட்ட வரி. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தேன் என்றால், 'தகப்பன் வரத் தாமதம்' என்று. அன்பரசனுக்கு அப்போது ஆறு வயது. காது வலி என்று அழுதிருக்கிறான். உரக் கப்பல் ஒன்று வந்து நின்றது, இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தால் நல்ல பேர் என்று நான் வீட்டுக்கே வரவில்லை, சொல்லியனுப்பிய ஆளிடம் நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். கெங்கம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். முந்தாநாளே வந்திருக்கலாமே என்றார்களாம். அந்த இரண்டு நாளும் நான் எத்தனை கிழிந்த மூட்டை எழுதினேன் தெரியுமா? நூற்றுப் பதினேழு. ஒன்றுகூட விடவில்லை. இதை இருபத்திரண்டு வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வலது பக்கமாக வந்து பேசுங்கப்பா என்று மட்டும் சொல்வான். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அதைப் படித்துவிடலாம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். மகன் குறையைச் சொல்லத்தான் அந்த ரிப்போர்ட் என்று தாங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தாவுல்லா சொன்ன பிறகுதான் அதில் இருந்த அத்தனையும் நான் இழந்தது என்று தெரிந்தது. விழும்போது நான் இல்லை, பல் உடையும்போது நான் இல்லை.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது. அந்த ரிப்போர்ட்டில் உள்ள அனைத்தும் இன்றுடன் ரத்து. என் மகனிடம் ஒரு குறையும் இல்லை. இனி டேமேஜ் என்ற சொல் என் வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ வராது. எந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு எந்தச் சபையிலும் உட்கார மாட்டேன். கல்யாணத்தன்று வேண்டுமானால் வாயில் துணி கட்டி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். தப்பு என்னுடையது, தண்டனை அவனுக்கு வேண்டாம். அவன் நல்ல பிள்ளை. தங்கள் பெண்ணைக் கண் கலங்காமல் வைத்துக்கொள்வான். ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.

தங்கள் கடலில் மீன் பெருகட்டும், காற்று தோதாக வீசட்டும், தங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். முத்தம்மா அம்மாவுக்கும், என் மேல் கோபம் தீராத பூமாரி அம்மையாருக்கும் என் வணக்கம். ரேகாவுக்கு எங்கள் இருவர் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஜெயவேல்.

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருக்கும்போது தாங்களே வாசலில் வந்து நிற்கிறீர்கள். இப்போது மணி பன்னிரண்டரை. தாங்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள், நான் குண்டூசி எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே வந்து இதை எழுதுகிறேன். கடிதத்தை இனித் தபாலில் போடுவது வீண், கையிலேயே கொடுத்துவிடுவேன். ஆனால் மேலே எழுதியது எதுவும் இப்போது உண்மையில்லை என்பதால், கொடுப்பதற்கு முன் குறிப்பிட்டுவிட வேண்டியிருக்கிறது.

தாங்கள் வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், "அந்தப் பேப்பரு எங்க?" என்றீர்கள். கிழித்துவிட்டேன் என்றேன். "முழுசாப் படிக்கறதுக்குள்ள எங்கக்கா எழுந்துட்டா. மிச்சத்தக் கேக்கணும்" என்றீர்கள். கெங்கம்மா ஏழு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "கிழிச்சது மேல் தாளு. கார்பன் காப்பி போடாம இந்த மனுசன் மளிகைச் சீட்டுகூட எழுத மாட்டாரு. அரிசி டப்பா அடியில வெச்சிகீறேன்." கொண்டுவந்தாள். தாங்கள் எண் ஐந்தை என்னையே படிக்கச் சொன்னீர்கள். படித்தேன். காரணத்தையும் படித்தேன். அன்பரசன் வாசலில் நின்றிருந்தான் என்று எனக்குத் தெரியாது. அவன் வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்து, "தெரியும்பா" என்றான். ஏழு நாள் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அது.

தாங்கள் கொண்டுவந்த தூக்குவாளியை முத்தம்மா அம்மா கொடுத்தனுப்பினாராம். கெங்கம்மா திறந்து பார்த்துவிட்டு, என்ன குழம்பு என்று கேட்டாள். "வவ்வா மீனு. மாப்ளைக்கு ஆவாதுன்னு எறா போடல" என்றீர்கள். மாப்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் அன்பரசன் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டான். எந்தக் காதில் விழுந்ததோ.

பிறகு தாங்கள், "எங்க பக்கத்தையும் எழுது, அதானே ஒங்க ஹார்பர் முறை" என்று சொல்லி, என்னைக் கேட்டு எழுதவைத்தீர்கள். எழுதினேன். ரேகா: கடல்காரன் மகள், ஆனால் அலையில் கால் நனைக்கவே பயம், குப்பத்தில் எவருக்கும் தெரியாது. தேசப்பன்: வாய் திறந்து எதையும் சொல்லத் தெரியாது, மகளிடம்கூட. இதைச் சொல்லிவிட்டுத் தாங்கள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். வேறு ஏதாவது உண்டா என்று நான் கேட்கவில்லை. தாங்களே சொன்னீர்கள்.

"வலை மூணு. எண்ணெயில போச்சு. எழுதிக்க."

எழுதினேன். ஆகவே நான் மேலே ரத்து செய்த அனைத்தும் மறுபடி செல்லும். டேமேஜ் என்ற சொல்லும் செல்லும். கையெழுத்துப் போடப் பேனா எங்கே என்று கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறீர்கள் சம்பந்தி. இந்த வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.